மூர் மார்க்கெட்டும் இரண்டு பட்டியல்களும்

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், ரிப்பன் மாளிகைக்கு முன்னதாகவே அப்போது கண்ணில் பட்ட செக்கச்சிவந்த கட்டடம் மூர் மார்க்கெட். 1900-இல் திறந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரை வைத்திருந்தார்கள். கிராமபோன் தட்டு, லவ் பேர்ட்ஸ் கூண்டு, முயல் குட்டி, யாரோ போட்டுக் கழித்த கோட்டு என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும். எழுபதுகளின் கடைசியில், கல்லூரிக்காகச் சென்னை வந்த எனக்கு அங்கே வேண்டியிருந்தது பழைய புத்தகக் கடைகள் மட்டும்தான்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். முன்பக்கத்திலிருந்து ‘பிடித்தவை’, பின்பக்கத்திலிருந்து ‘தேடுபவை’. இரண்டிலும் நாவல் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை என்று வைராக்கியம். ‘மோகமுள்’, ‘தண்ணீர்’, ‘ஒரு புளியமரத்தின் கதை’ எல்லாம் ஊர்க் கிளை நூலகப் புண்ணியத்தில் ஏற்கெனவே முன்பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தன. பின்பக்கம்தான் மளமளவென்று வளர்ந்துகொண்டே போனது.

அதை வளர்த்துவிட்டவர் க.நா.சு. அவருடைய ‘படித்திருக்கிறீர்களா?’ மூர் மார்க்கெட்டில்தான் என் கைக்கு வந்தது. ஓரம் மடங்கிப்போன பிரதி. விமரிசனம் எழுதச் சொன்னால் மனிதர் பட்டியல் போடுகிறார் என்று அவர்மேல் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் கோபம். எனக்கு அந்தக் கோபம் புரிந்ததே இல்லை. எதைப் படிப்பது என்று சொல்ல வீட்டிலும் ஆளில்லை, தெருவிலும் ஆளில்லை என்று வளர்ந்த பையனுக்கு, நல்ல வாசகர் ஒருவர் தான் படித்ததையெல்லாம் பேர் சொல்லி எடுத்துக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம்! பின்னால் அவருடைய ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ கிடைத்தது. அதிலிருந்து ‘கமலாம்பாள் சரித்திர’மும் ‘பத்மாவதி சரித்திர’மும் என் நோட்டுக்குள் வந்தன. ‘கமலாம்பாள்’ எழுதிய ராஜமய்யர் இருபத்தாறு வயதிலேயே போய்விட்டார் என்று தெரிந்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அ. மாதவையா 1925-இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் பேசிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உயிரை விட்டவர். ‘பத்மாவதி சரித்திர’த்தின் மூன்றாம் பாகம் அதோடு பாதியில் நின்றுபோனது. அதையும் ‘தேடுபவை’யில் எழுதியிருந்தேன். எந்தக் கடையிலும் கிடைக்க வழியில்லாத ஒன்று என்று தெரிந்த பிறகும் அடிக்க மனம் வரவில்லை.

நான் வழக்கமாகப் போன கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் எந்த நாவலையும் படித்தவர் இல்லை. ஆனால் எதை யார் கேட்டார், எப்போது கேட்டார் என்பதெல்லாம் மனசிலேயே இருக்கும். என் தலை தெரிந்ததும், “இன்னா தம்பி, உன் சிங்காரம் இன்னும் வரல. வர்ற ஞாயித்துக்கெழம வா. மைலாப்பூர்ல ஒரு வூட்ல லாட்டா எடுக்கப் போறேன்” என்பார். சிங்காரம் என்றால் ப. சிங்காரம். 1972-இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’. யுத்த காலத்து மெடானும் பினாங்கும் அதில் எழுந்து வருகின்றன என்று மூத்த நண்பர் ஒருவர் சொல்லிச் சொல்லி ஏங்க வைத்திருந்தார். அந்தக் கடையில் அது கடைசிவரை வரவே இல்லை. அதைக் கேட்டுப் போனபோதெல்லாம் வேறு ஏதாவது வந்தது. ‘ஆரோக்கிய நிகேதனம்’ அப்படி வந்ததுதான். தாராசங்கர் பானர்ஜி எழுதி த.நா. குமாரஸ்வாமி தமிழாக்கியது. நாடி பிடித்தே சாவின் நாளைச் சொல்லும் அந்தக் கிழ வைத்தியரை நான் தேடிப் போகவில்லை. அவரே வந்து ‘பிடித்தவை’யின் உச்சியில் உட்கார்ந்துகொண்டார். இன்றுவரை இறங்கவில்லை. ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யும் கா.ஸ்ரீ.ஸ்ரீ. தமிழாக்கிய காண்டேகர் நாவல்களும் அதே மாதிரி வந்தவைதான்.

எல்லாவற்றையும் விட நான் ஆசை ஆசையாகப் புரட்டியது பைண்டு வால்யூம்களை. தொடர்கதையை வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, சேர்த்து, தைத்து, காலிகோ அட்டை போட்டு வைத்துக்கொள்வது அந்தத் தலைமுறைக் குடும்பங்களின் வழக்கம். பெரியவர்கள் காலமானதும் அலமாரியைக் காலி செய்து எடைக்குப் போடுவார்கள். அங்கிருந்து மூர் மார்க்கெட்டுக்கு வரும். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ அப்படி ஒன்று எனக்குக் கிடைத்தது. முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பெண்ணின் கையெழுத்து, கீழே மாயவரம் என்று ஊர்ப்பெயர். மணியத்தின் படங்கள் மங்காமல் இருந்தன. பக்கத்தின் மறுபுறம் கதை முடிகிற இடத்தில் சோப்பு விளம்பரம் பாதி, ஒரு துணுக்கின் தலை மட்டும். ஓரத்தில் அந்தம்மா பென்சிலால் தேதி குறித்திருந்தார். நந்தினி வருகிற இடமெல்லாம் ஓரிரு சொல்லில் ஏச்சு. பத்திரிகை வந்த அன்றைக்கே படித்து அன்றைக்கே ஏசியிருக்கிறார் என்பது பென்சிலின் அழுத்தத்திலேயே தெரிந்தது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியாது. அப்போது அதை எழுதிக்கொண்டிருந்த கல்கிக்குத் தெரிந்திருக்குமா என்றுகூட நினைத்துக்கொள்வேன். மூன்றரை வருஷம் ஒரு கதைக்காக வாராவாரம் காத்திருந்த வாசகியின் பக்கத்தில் உட்கார்ந்து படித்த மாதிரி இருந்தது எனக்கு.

1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. இரண்டு நாள் கழித்துப் போனேன். சுவர்கள் நின்றன. தண்ணீரில் ஊறிக் கருகிய காகிதம் காலடியில் குழைந்தது. என் கடைக்காரரை அன்று பார்க்க முடியவில்லை. பிறகு கடைகளுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கே போய் விசாரித்தபோது, அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். எத்தனை வீட்டு அலமாரிகள் அன்றைக்குச் சாம்பலாயின என்பதை நினைக்க இன்றும் வயிறு எரிகிறது. மறுபதிப்பில் கதை திரும்பி வரும். ஓரத்துப் பென்சில் எழுத்து வருமா? மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம். ரயில்வேக்காரர்கள் மட்டும் அதை மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே குறிக்கிறார்கள்.

சிங்காரம் மறுபதிப்பாக வந்ததும் வாங்கி ஒரே மூச்சில் படித்தேன். நண்பர் சொன்னது கொஞ்சம்கூட மிகையில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபிறகு ‘பொன்னியின் செல்வன்’ எந்த ஊர்ப் புத்தகக் கடையிலும் கிடைக்கிறது. ஆனாலும் என் ‘தேடுபவை’யில் அது இன்னும் இருக்கிறது. மாயவரத்து அம்மாவின் செட்டில் மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ இல்லை. மற்ற நாலும்தான் என்னிடம் இருக்கின்றன. எரிவதற்கு முன்பே அது வேறு யாரிடமாவது போயிருக்கலாம் என்று நம்புகிறேன். திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்: கல்கி பைண்டிங், மூணாம் பாகம், நீல மையில் மாயவரம் என்று எழுதியிருக்கும், என்ன விலையானாலும் எனக்கே எடுத்து வையுங்கள் என்று.