லப்பக் நகரத்து மூக்குக் கண்ணாடி

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணம் என்றதும் குதிரையும் துப்பாக்கியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சினிமாக்காரர்கள் செய்த வேலை அது! ஆனால் மேற்கு டெக்ஸாஸிலுள்ள லப்பக் நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் காண்பது பருத்தி வயல்களைத்தான். மலை என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. காற்று பலமாக அடித்தால் புழுதி கிளம்பி வானத்தை மறைத்துவிடும்.

இந்த ஊரில் ஒரு பழைய ரயில் நிலையம் இப்போது பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. அதன் வெளியே பிரம்மாண்டமான கறுப்பு மூக்குக் கண்ணாடி ஒன்று நிற்கிறது. மூக்கு இல்லை, முகம் இல்லை. வெறும் கண்ணாடி மட்டும்! கண்ணாடிக் கடை விளம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டி ஹாலி என்ற பாடகருக்கு அவர் பிறந்த ஊர் செய்திருக்கும் மரியாதை அது.

1936 செப்டம்பர் 7-ந் தேதி நான்கு குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் ஹாலி. கறுப்பின மக்களின் தாள வேகமும் வெள்ளையர்களின் நாட்டுப்புறப் பாட்டும் கலந்து ராக் அண்ட் ரோல் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தார். 1955-ல் எல்விஸ் பிரஸ்லி லப்பக்குக்கு வந்தபோது, அதே மேடையில் முன்னதாகப் பாடியவர்களில் ஹாலியும் ஒருவர். எல்விஸோ மன்மதன். ஹாலியோ ஒல்லியான உடம்பு, மங்கலான பார்வை, தடித்த கண்ணாடி! பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கிற ஒருவர் தாமே பாட்டுக் கட்டி, தாமே கிதார் வாசித்துப் பாடி, ஜனங்களைக் கவர முடியும் என்று காட்டியதுதான் அவருடைய பெருமை.

1956-ல் டெக்கா கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது. ஆங்கிலத்தில் ஆறெழுத்தாக இருந்த குடும்பப் பெயரை ஒப்பந்தத்தில் ஐந்தெழுத்தாக எழுதிவிட்டார்கள். அவரும் அதையே வைத்துக்கொண்டார். பெயர் நிலைத்தது; ஒப்பந்தம் நிலைக்கவில்லை! இசைத்தட்டுகள் விலை போகவில்லை என்று கம்பெனி கைவிட்டுவிட்டது.

லப்பக்கிலிருந்து வடமேற்கே சுமார் 100 மைல் போனால், நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் க்ளோவிஸ் என்ற சிறிய ஊர் வருகிறது. அங்கே நார்மன் பெட்டி என்பவர் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினார். மணிக் கணக்குக்கு அல்ல, பாட்டுக் கணக்குக்கே அவர் கட்டணம் வாங்கினார். ஆகவே மனசுக்குத் திருப்தி ஏற்படும் வரை பாடிப் பார்க்கலாம். 1957 பிப்ரவரியில் அங்கே பதிவான 'தட்'ல் பீ த டே' என்ற பாட்டு, செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. 'எவ்ரிடே' என்ற பாட்டுக்கு மத்தளக்காரர் மத்தளத்தைத் தொடவே இல்லை. தம் முழங்காலைத் தட்டியே தாளம் போட்டார்!

குழுவின் பெயர் 'கிரிக்கெட்ஸ்'. பந்தும் மட்டையும் அல்ல; சுவர்க்கோழி! 1958-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் சில பையன்கள் தங்கள் முதல் இசைத்தட்டுக்காக ஹாலியின் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அவர்களில் மூவர் பின்னால் பீட்டில்ஸ் ஆனார்கள். சுவர்க்கோழிக்குப் பின் வண்டு!

ஹாலியின் புகழ் நீடித்ததோ ஒன்றரை வருஷம்தான். அந்தக் கதை முடிந்த இடம் வெகு தூரம் வடக்கே, அயோவா மாகாணத்தில் க்ளியர் லேக் என்ற ஏரிக்கரை ஊர். 'ஸர்ஃப் பால்ரூம்' என்ற நடன மண்டபம் அங்கே இன்றும் இருக்கிறது. 1959 பிப்ரவரி 2-ந் தேதி இரவு அந்த மண்டபம் நிரம்பி வழிந்தது. நுழைவுக் கட்டணம் ஒன்றேகால் டாலர். கடும் பனிக்காலத்தில் ஊர் ஊராகப் போன பஸ்ஸில் உஷ்ணக் கருவி வேலை செய்யவில்லை. குளிரில் கால் விறைத்து மத்தளக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு நாளாவது கட்டிலில் படுத்துத் தூங்கலாம், அழுக்குத் துணிகளை வெளுக்கப் போடலாம் என்று எண்ணி ஹாலி சிறிய விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினார்.

காய்ச்சலாக இருந்த ரிச்சர்ட்ஸனுக்கு வேலன் ஜென்னிங்ஸ் தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். இன்னோர் இடத்துக்கு நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஜெயித்தவர் 17 வயசு ரிச்சி வேலன்ஸ். நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய விமானம் சில மைல் தூரத்திலேயே ஒரு வயலில் விழுந்து நொறுங்கியது. நான்கு பேரும் மாண்டனர். ஹாலிக்கு 22 வயசு. கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை. கர்ப்பிணியாயிருந்த மனைவி மரியா எலெனாவுக்குச் செய்தி டெலிவிஷன் மூலமே கிடைத்தது. வயிற்றிலிருந்த சிசுவும் தங்கவில்லை.

பனி உருகியதும் வயலில் ஹாலியின் கண்ணாடி அகப்பட்டது. உறையில் போடப்பட்டு, கோர்ட்டுக் கட்டிடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மறந்து கிடந்தது. 1980-ல்தான் வெளியே வந்தது. இப்போது லப்பக் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

விபத்து நடந்த வயலில் மூன்று பாடகர்களுக்கும் 1988-ல் எஃகினால் நினைவுச் சின்னம் வைத்தார்கள். விமானத்தை ஓட்டிய 21 வயசு ரோஜர் பீட்டர்ஸனை யாரும் நினைக்கவில்லை. அவருக்கும் ஒரு சின்னம் அங்கே வர, 2009 வரை, அதாவது ஐம்பது வருஷம், ஆகியிருக்கிறது.

ஹாலியின் சமாதி லப்பக் மயானத்தில் இருக்கிறது. தரையோடு பதித்த எளிய கல்; அதில் ஒரு கிதார் உருவம். தேடி வரும் அபிமானிகள் கிதார் மீட்டும் சிறு வில்லைகளை அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கல்லில் உள்ள பெயரைக் கவனித்துப் படிக்க வேண்டும். இசைத்தட்டுகளில் உள்ள ஐந்தெழுத்துப் பெயர் அல்ல அது. தாயும் தந்தையும் வைத்த ஆறெழுத்துப் பெயர்.