ஊட்டிக் குளிரில் ஹீட்டர் சூடாகவில்லையா? கோளாறு கீழேயே தொடங்கியிருக்கலாம்!

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. வெயில் ஏறுவதற்கு முன் ஊட்டித் தெருக்களில் ஒரு சுற்று நடந்தால் போதும். எது உள்ளூர் கார், எது கீழேயிருந்து வந்த கார் என்று நம்பர் பிளேட்டைப் பார்க்காமலே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் முன்கண்ணாடி மேல் சாக்கையோ அட்டையையோ போட்டு மூடியிருப்பார்கள். வெளியூர் கார்களில் கண்ணாடி முழுக்க உப்பு தூவியதுபோல உறைபனி. உள்ளே ஒருவர் இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் திருகைச் சிவப்புப் பக்கம் முழுசாகத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடம் கழித்தும் வருவது ஜில்லென்ற காற்றுதான்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கிவிடும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற இடங்கள் விடியற்காலையில் வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். அதே இரவில் கொஞ்சம் மேடான தெருவில் நிற்கும் கார், பள்ளத்தில் நிற்கும் காரைவிடக் குறைவாக நனைந்திருக்கும். லாட்ஜ் பிடிக்கும்போது பார்க்கிங் எங்கே என்றும் கேட்டு வைப்பது நல்லது.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடிக்கு என்ன செய்வது? ஐந்து பேர் உள்ளே மூச்சு விட்டால் சில நிமிடங்களில் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மூடிக்கொள்ளும். துணியால் துடைத்தபடி கொண்டை ஊசி வளைவில் வண்டி திருப்புவது விளையாட்டில்லை. மலையில் ஹீட்டர் என்பது முதலில் கண்ணாடிக்காக, அப்புறம்தான் காலுக்கு.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டில் இருந்து. அதில் ஒரு பங்கு இரண்டு ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதன் மேல் ஊதும் காற்றுதான் நமக்கு வருகிறது. கூலன்ட் 80, 90 டிகிரிக்குச் சூடானால்தான் ஹீட்டர் ஹீட்டராக இருக்கும்.

இங்கேதான் சமவெளியின் கைங்கர்யம் வருகிறது. இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை முன்பக்க ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து நிறுத்தும் வேலை தெர்மோஸ்டாட் வால்வுடையது. அதற்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து கதவைத் திறக்கும். பழைய வண்டி மே மாத வெயிலில் சூடாகிறது என்று போனால், பல ஊர்களில் முதல் வைத்தியம் இந்த வால்வைக் கழற்றிக் கடாசுவதுதான். உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டராகவோ, ஓடாத ஃபேனாகவோ இருக்கும். வால்வை எடுத்ததும் வண்டி கொஞ்சம் அடங்கும். எல்லோருக்கும் சந்தோஷம். நாலு வருஷம் கழித்து அதே வண்டி குடும்பத்தோடு ஊட்டிக்கு ஏறும். இ-பாஸ் எடுக்க மறக்காதவர்களுக்கும் இந்த வால்வு ஞாபகத்தில் இருக்காது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தால் போதும். மேட்டுப்பாளையத்தில் இருந்து கல்லாறு தாண்டி, பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறும்போது இன்ஜின் முக்கி முக்கி உழைக்கும். அப்போது முள் நடுவில் நிற்கும், ஹீட்டரும் ஒழுங்காகச் சூடு தரும். ஊட்டிக்குப் போய் நிறுத்தி, மறுநாள் காலை ஓடவிட்டால் முள் கீழேயே படுத்துக்கிடக்கும். இறக்கத்தில் இன்னும் மோசம். காலை ஆக்ஸிலேட்டரில் இருந்து எடுத்து கியரில் இறங்கும்போது இன்ஜினுக்கு உழைப்பே இல்லை, டீசல் வண்டியாக இருந்தால் இருக்கிற கொஞ்ச சூடும் போய்விடும். ஏற்றத்தில் சூடு, இறக்கத்தில் ஜில் என்றால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

முள் சரியாக நடுவில் நின்றும் ஹீட்டர் சூடாகவில்லையா? அப்போது மெக்கானிக் பானெட்டைத் திறந்து, இன்ஜினை நிறுத்திவிட்டு, டேஷ்போர்டுக்குள் போகும் அந்த இரண்டு ஹோஸ்களைத் தொட்டுப் பார்ப்பார். கருவி எதுவும் வேண்டாம், கையே போதும். சுட்டுவிடாமல் மெல்லத் தொட வேண்டும், அவ்வளவுதான். இரண்டுமே நல்ல சூடு என்றால் தண்ணீர்ப் பக்கம் கோளாறு இல்லை. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கதவின் கேபிள் அறுந்திருக்கலாம், ப்ளோயர் சோர்ந்திருக்கலாம். ஒன்று சூடு, இன்னொன்று ஜில் என்றால் குட்டி ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் குழாய் திறக்கவில்லை. சில வண்டிகளில் இரண்டு ஹோஸ்களும் உள்ளேயே போகாது! ஒழுகுகிறது என்று யாரோ ஒருவர் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து விட்டிருப்பார். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீர் ஊற்றியதுதான். துருவும் உப்பும் மெல்லிய குழாய்களில் படிந்துவிடும். இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, வழக்கமாகத் தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக மெதுவாகத் தண்ணீர் விட்டால் காபி டிகாக்‌ஷன்போல அழுக்கு வரும், தெளிவாகும்வரை விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் பழைய குட்டி ரேடியேட்டர் பிளந்துகொள்ளும். பிளந்தால் முன்சீட்டுக் கார்ப்பெட் நனையும், இனிப்பு வாசம் அடிக்கும், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குபோல ஒரு படலம் வரும். அந்த வாசம் ஏற்கெனவே இருந்தால் கழுவுவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் கேட்டால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி (ஊட்டியில் மேட்டுக்கா பஞ்சம்!), ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுசாக வைத்து இன்ஜினை ஓடவிட்டால் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். குறைந்த அளவுக்குக் கூலன்ட் ஊற்றி மூடலாம். வாரம் தவறாமல் கூலன்ட் குறைந்துகொண்டே இருந்தால் அது வேறு கதை, ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடான இன்ஜினில் மட்டும் அந்த மூடியைத் தொடவே கூடாது. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அது கொதிக்காமல் இருப்பது மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான். ரப்பர் காய்ந்துபோன மூடி சமவெளியில் ஒப்பேற்றிவிடும், மலையில் காலை வாரும்.

புது தெர்மோஸ்டாட் பெரிய செலவில்லை. மாட்டுவதற்கு முன் நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால், அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டி வாய் திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 82 என்று பொறித்திருந்தால் ஊட்டி அடுப்பிலும் திறந்துவிடும்.

ரிப்பேருக்கு நேரமில்லாமல் உடனே கிளம்ப வேண்டியிருந்தால், உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை எடுங்கள், ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்குங்கள். குளிர் ரொம்பக் கடுமையாக இல்லாத நேரத்தில் ஏசியையும் சேர்த்துப் போட்டால் ஈரம் சீக்கிரம் காயும். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவது வேண்டாம், விரிசல் விடும். முக்கியமாக, ரூம் கிடைக்கவில்லை என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டபடி காருக்குள் தூங்கக் கூடாது. பழைய வண்டியின் சைலன்சரில் ஓட்டை இருந்தால், வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். தூங்குகிறவருக்கு அது வந்ததே தெரியாது.

ஊட்டியில் வால்வு மாட்டிக்கொண்டு இறங்கும் வண்டி, அடுத்த கோடையில் மறுபடி சூடாகலாம். அப்போது முதலில் ரேடியேட்டரைக் கழுவச் சொல்லுங்கள், ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வால்வு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.