480 நாள்

தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழில் நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நிரந்தரத் தகுதி கொடுக்கிற சட்டம். 24 மாதத்தில் 480 நாள் ஒருவன் வேலை செய்திருந்தால் அவனை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பத்தாவது பெயிலான பையனுக்குக்கூட இந்த 480 தெரியும். என்னோடு எம்.ஏ. படித்து இன்று பேராசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டதில்லை.

எங்க நைனா இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் 19 வருஷம் ஸ்க்ராப் யார்டில் கிடந்தார். 2000லிருந்து 2019 வரை. கம்பெனி பேரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. 480 நாளை அவர் பத்துத் தடவையாவது தாண்டியிருப்பார். கடைசி நாள் வரைக்கும் காண்ட்ராக்ட் ஆள்தான்.

அதெப்படி என்று கேட்பீர்கள். ஒரே காண்ட்ராக்டர் மூணு பேர்ல லைசென்ஸ் வச்சிருப்பான். ஒண்ணு அவன் பேரு, ஒண்ணு பொண்டாட்டி பேரு, ஒண்ணு மச்சான் பேரு. ஏழெட்டு மாசத்துக்கு ஒருதரம் ஆளுங்களை இந்தப் பேர்லேருந்து அந்தப் பேருக்கு மாத்துவான். யார்டு அதே யார்டு, கிரேன் அதே கிரேன், வாய்க்கு வந்தபடி ஏசுற சூப்பர்வைசரும் அவனேதான். கழுத்துல தொங்குற அட்டை மட்டும் நீலத்துலேருந்து பச்சையா மாறும். அட்டை மாறுகிற அன்னிக்கு நைனாவும் கூட்டாளிகளும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க: "இன்னாடா, இன்னிக்கு நீ யாருக்குப் பொறந்தே?" சிரிப்பாங்க. நானும் சின்ன வயசுல சிரிச்சிருக்கேன்.

பேர் மாறினதில் பணிக்கொடையும் போனது. 1972 சட்டப்படி 5 வருஷம் தொடர்ச்சியாக வேலை செய்திருக்க வேண்டும். நைனா எந்தப் பேரிலும் 5 வருஷம் இருந்ததாகக் காகிதத்தில் இல்லை.

யார் நிரந்தரம், யார் காண்ட்ராக்ட் என்பது திறமையால் பிரிந்தது என்று நினைத்தால் நீங்கள் சிப்காட்டுக்குள் வந்ததில்லை. எங்கள் பக்கம் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்று பேசித்தான் வாங்கினார்கள். பட்டா இருந்தவனுக்குப் பணமும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அதே நிலத்தில் நாத்து நட்டு, அறுத்து, பொணை ஓட்டின எங்க தாத்தா பாட்டிக்கு என்ன பட்டா? 1891ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலமற்ற நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, அதையொட்டி 1892ல் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசாணை வந்ததே, அது இந்த மண்ணைப் பார்த்து எழுதினதுதான். திருவள்ளூர் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடுதான் இருந்தது. நிலம் இல்லாதவன் கம்பெனி வந்த பிறகும் நிலம் இல்லாதவனாகவே கேட்டுக்கு வெளியே நின்றான். ஊர்த்தெரு நிரந்தரம் ஆச்சு, காலனி காண்ட்ராக்ட் ஆச்சு. காண்ட்ராக்டரும் ஊர்த்தெருதான். கண்ட்ரோல் ரூம், ஸ்டோர், கேட் எல்லாம் அவங்க. ஸ்க்ராப் பிரிக்கிறது, கசடு அள்ளுறது, கக்கூஸ் கழுவுறது நாம.

2012ல் பி.ஏ. முடித்து அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷனுக்கு நான் போனேன். அதுவும் காண்ட்ராக்ட்தான், ஆனால் நாற்காலி உண்டு. நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி படிப்பைப் பற்றி இல்லை. "எந்த ஊருப்பா?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" விண்ணப்பத்தில் அம்பேத்கர் நகர் என்று எழுதியிருக்கிறது. படித்துவிட்டுத்தான் கேட்டான். என் வாயால் சொல்லவேண்டும் அவனுக்கு.

2007ல் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. பேரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பேருக்கு இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமை பேசுகிறோம். தெருப் பேர் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தமிழ் முடித்தேன். 2016ல் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் இடம் காலியானது. நாலு வருஷமாகச் சலான் எழுதுவது, லாரி எடை பார்ப்பது, ராத்திரி லோடு அனுப்புவது எல்லாம் நான்தான். வந்து உட்கார்ந்தது காண்ட்ராக்டரின் அக்கா மகன். அவனுக்கு வேலை கத்துக்குடுக்கிற பொறுப்பு எனக்கு. மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் ரொம்ப அன்பாகத்தான் பேசினார்: "நீ எம்.ஏ. தமிழ். கவர்ன்மெண்ட்ல உங்க ஆளுங்களுக்குக் கோட்டா இருக்கே, வாத்தியாரா போயேம்பா. இங்க எதுக்குக் கஷ்டப்படுறே?"

இந்த அன்பை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அரசு வேலையைக் காட்டி இங்கேயிருந்து தள்ளுவார்கள். அரசு வேலையில் ஆள் எடுப்பதையும் காண்ட்ராக்ட் ஆக்கியாயிற்று. தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்று 2004ல் பேச்சு எழுந்தபோது, நாங்களே தன்னார்வமாகச் செய்கிறோம் என்று 2006ல் முதலாளிகள் சங்கங்கள் அறிக்கை கொடுத்தன. எங்க யார்டுக்கு அந்தத் தன்னார்வம் வரவில்லை. பஸ் கிடைக்கலபோல.

சங்கத்துக்குப் போகலாமே என்பீர்கள். போனோம். செங்கொடிதான். உறுப்பினர் ஆக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கவேண்டும் என்றார்கள். "உங்க பிரச்சினை வேற தோழர்." போனஸ் பேச்சுவார்த்தை நடக்கும்போது வாசலில் உட்கார மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள். 1928ல் பம்பாய் மில் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் கேட்டார். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சி எடுத்துக் கோக்கவேண்டும். எச்சில் தீட்டு என்று தீண்டப்படாதவர்களை அதற்குள் விடவில்லை. விடாதவன் முதலாளி மட்டும் இல்லை, கூட நின்ற தொழிலாளி. சென்னையிலும் 1921 பின்னி மில் வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகளில் தீயாக முடிந்தது. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடம் வந்தால் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுகிறார்கள்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். நல்லதுதான். நைனாவுக்கு 2000லேருந்தே 12 மணி நேரம்தான். 1946ல் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அம்பேத்கர் வாரத்துக்கு 48 மணி என்று சட்டத்தை மாற்றினார். அந்த 48ஐ எங்க ஆளுங்க வியாழக்கிழமையே முடிச்சிடுவாங்க.

இப்போது யார்டில் பீகார், ஒடிசா பிள்ளைகள். காலனியில் "இந்திக்காரன் வந்து பொழப்பைக் கெடுத்துட்டான்" என்று பேசுகிறார்கள். நைனா கடைசி வருஷங்களில் அப்படி ஒரு பையனோடு ஒரே ஷிப்டில் இருந்தார். அவன் என்ன ஆளு என்று நைனாவுக்கே உரிய முறையில் கையைக் காலைக் காட்டி விசாரித்துவிட்டார். பாஸ்வான். அங்கே அவங்க ஊரிலும் தெரு வேறதான். அதுக்கப்புறம் டீக்காசு அவனுக்கும் சேர்த்து நைனாதான் குடுப்பார்.

2019ல் நைனாவுக்கு இருமல் நிற்காமல் வேலையை விட்டு அனுப்பினபோதுதான் 1981 சட்டத்தின்கீழ் மனுப் போட்டோம். கம்பெனி வக்கீல் சொல்கிறார்: இவர் எங்க தொழிலாளியே இல்லை, காண்ட்ராக்டர் ஆள். காண்ட்ராக்டர் சொல்கிறான்: எங்கிட்ட 14 மாசம்தான். உச்சநீதிமன்றம் 1996 ஏர் இந்தியா வழக்கில், ஒப்பந்த முறையை ஒழித்த இடத்தில் வேலை செய்தவன் தானாகவே நேரடித் தொழிலாளி ஆகிறான் என்றது. 5 வருஷம்கூட அது நிற்கவில்லை. 2001ல் உருக்காலை ஆணைய வழக்கில் அந்தத் தீர்ப்பையே எடுத்துப்போட்டார்கள். 2025 நவம்பரில் வந்த புதிய தொகுப்பில், 20 ஆள் இருந்தால் காண்ட்ராக்டரைக் கட்டுப்படுத்தும் என்றிருந்ததை 50 ஆக்கிவிட்டார்கள். மூணு பேரை ஆறு பேராக்கினால் போதும், லைசென்ஸ்கூட வேண்டாம்.

எங்களிடம் இருந்த சாட்சி காலண்டர்தான். மளிகைக் கடையில் கொடுக்கிற மாசக் காலண்டர். நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஏ, பி, சி என்ற மூணு எழுத்தும் ஷிப்டால் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய ஷிப்டை எழுதிவைப்பார். பழசில் பாதி எங்கள் நோட்டுக்கு அட்டையாகப் போய்விட்டது. டிரங்குப் பெட்டியில் மிஞ்சினதில் 2016, 2017 இரண்டும் முழுசாக இருந்தன. எண்ணினோம். 583 நாள்.

விசாரணையில் அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல கம்பெனி சீல் எங்க?" என்றார்.

அம்மா சொன்னாள்: "எங்க வூட்டுக் காலண்டர்ல கம்பெனிக்காரன் எதுக்கு சார் சீல் வெப்பான்? அவன் காலண்டரக் கொண்டாரச் சொல்லு."

அவன் காலண்டரை, அதாவது மஸ்டர் ரோலை, கரையான் அரித்துவிட்டதாகக் காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறான். மூணு பேரில் இருந்ததையுமா ஒரே கரையான் அரித்தது என்று கேட்டு எங்கள் வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். ஈ.எஸ்.ஐ. ஆபீசிலும் நைனா பேரில் சந்தா கட்டிய விவரம் கேட்டிருக்கிறோம். மூணு பேருக்கும் முதன்மை வேலையளிப்பவர் என்று எழுதியிருப்பது ஒரே கம்பெனிதான். அந்த நகல் அடுத்த வாய்தாவுக்குள் கைக்கு வரவேண்டும்.