முதல் வளைவுக்குக் கீழே

"ஊருக்கா?" என்று ஆபீஸில் யாராவது கேட்டால் "ஆமா" என்று சொல்லிவிடுகிறேன். விளக்க ஆரம்பித்தால் நேரமாகும். நான் பிறந்து வளர்ந்தது வால்பாறையில், ஒரு தேயிலை எஸ்டேட்டில். அப்பாவும் அம்மாவும் இப்போது இருப்பது ஆனைமலையில். ஆனைமலை என்றதும் கேட்பவர் முகத்தில் ஒரு குளிர்ச்சி வந்துவிடும். "செம்ம கிளைமேட்டா இருக்குமே!" இல்லை. மலையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் சமவெளி ஊர் அது. தென்னந்தோப்பு, வாய்க்கால், மாசாணியம்மன் கோயிலுக்கு வரும் வண்டிகள், வெயில். மலை அங்கிருந்து தெரியும். அவ்வளவுதான்.

பொள்ளாச்சி வரை எல்லாம் பழையபடிதான். அதற்குப் பிறகுதான் வேறு பஸ். முன்பு வால்பாறை பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாக பையைப் போட்டிருக்கிறேன். 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பாதை உடம்பில் பதிந்திருக்கிறது. ஆழியாறு தாண்டியதும் பேச்சைக் குறைக்க வேண்டும், வயிறு கலங்கும். ஒன்பதாவது வளைவில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து கீழே அணையைப் பார்ப்பார்கள். அட்டகட்டியில் ஸ்வெட்டர் வெளியே வரும். கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் இறங்கி டிரைவர் பகலிலேயே லைட் போடுவார். நடுவில் எங்கோ காது அடைத்து, எச்சிலை விழுங்கினால் பட்டென்று திறக்கும். என்னைப் பொறுத்தவரை ஊர் வந்துவிட்டது என்பதற்கு அந்தக் காது திறப்பதுதான் அடையாளம். இப்போது ஆனைமலை பஸ் அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டுவிடுகிறது. காது அடைப்பதில்லை. வீட்டுக்குள் நுழைந்து, காபி குடித்து, குளித்து முடித்த பிறகும் இன்னும் போய்ச் சேரவில்லை என்று ஒரு எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எஸ்டேட் வீடு யாருக்கும் சொந்தமில்லை என்பதை மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வேலை செய்கிறவருக்கு நிர்வாகம் வீடு தர வேண்டியிருந்தது. வேலை செய்கிறவரைக்கும். 58 வயதில் ஓய்வு, அத்தோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாத்தா இருந்த அதே லைன் வீட்டில் அப்பா பிறந்தார், நான் பிறந்தேன், அக்கா கல்யாணமாகிப் போனாள். வரிசையாக எட்டு வீடு, தகரக் கூரை, ஒரு முன்னறை, ஒரு சமையலறை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும். அறுபது வருடத்துக்கு மேல் ஒரே குடும்பம். ஆனால் எங்கள் பெயரில் அங்கே ஒரு செங்கல்கூட கிடையாது. அப்பா ஃபேக்டரியில் ட்ரையர் பக்கம் வேலை பார்த்தார். அவர் ஓய்வு பெற்றபோது அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்ததால் வீடு இரண்டு வருடம் தப்பியது. பிறகு ஒரு மே மாதம் ஆபீஸில் சாவியைக் கொடுத்தார்கள். சாவியைக் கொடுத்த பிறகுதான் கிராஜுவிட்டி கைக்கு வந்தது. அந்தப் பணமும், அப்பாவின் பி.எஃப்.பும், என் சம்பளத்தில் வாங்கிய கடனும் சேர்ந்துதான் ஆனைமலையில் மூன்று சென்ட்.

"ஏன் இங்க? திருப்பூர்ல அக்கா பக்கத்துல இருக்கலாமே" என்று கேட்டேன்.

"மாடியில நின்னா தெரியுதுல்லய்யா" என்றாள் அம்மா.

இடம் பார்க்க வந்த அன்று மனைக்கு ரோடு இருக்கிறதா, தண்ணீர் வருமா என்று நான் புரோக்கரிடம் கேட்டுக்கொண்டிருக்க, அவள் கழுத்தை வளைத்து தெற்கே பார்த்துக்கொண்டிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

முதல் கோடையில் அம்மா தூங்கவே இல்லை. வெயிலை விட அவளைப் படுத்தியது சத்தம் இல்லாததுதான். முப்பத்தைந்து வருடம் தகரக் கூரைக்குக் கீழே தூங்கியவள். ஜூனில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை மழை தகரத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேச வேண்டுமானாலும் கத்த வேண்டும். அந்தச் சத்தத்தில்தான் தூக்கமே வரும். யூடியூபில் பத்து மணி நேர மழைச் சத்தம் இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தேன். ரொம்பக் கவனமாக, நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். "இது தகரத்துல விழற மழ இல்ல. எங்கயோ எலையில விழுது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சௌசௌ கொடி ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். மேலே அது களை மாதிரி. வேலி, கக்கூஸ் கூரை, சில்வர் ஓக் மரம் என்று எதன் மேலும் ஏறும், காய்த்துத் தள்ளும், தின்று தின்று அலுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தால் அவர்களும் அலுத்துப்போய் நமக்கே திருப்பிக் கொடுப்பார்கள். கீழே மூன்று முறை நட்டாள். மூன்று முறையும் பங்குனி வெயில் தின்றுவிட்டது. இப்போது சந்தையில் காசு கொடுத்து சௌசௌ வாங்குகிறாள். அந்த அவமானத்தை ஒவ்வொரு குழம்பிலும் சொல்லிக் காட்டுகிறாள்.

அப்பா வேறு மாதிரி. அவர் எதையும் சொல்ல மாட்டார். ஆனால் அவர் போனில் இன்னும் யானை மெசேஜ் வருகிறது. வால்பாறையில் யானை நடமாட்டத்தை ஊர்க்காரர்களுக்கு எஸ்.எம்.எஸ். மூலம் சொல்லும் ஏற்பாடு பல வருடமாக இருக்கிறது. வனத்துறையும் காட்டுயிர் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. சில முக்குகளில் சிவப்பு விளக்கும் எரியும். இருட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி தேயிலைக்கு நடுவே வீட்டுக்கு நடப்பவருக்கு அது உயிர்ச் செய்தி. ஆனைமலையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு அது எதற்கு? "நிறுத்திரலாம்ப்பா, சும்மா வந்துட்டே இருக்கு" என்றேன். "இருக்கட்டும், அது என்ன சோறா கேக்குது" என்றார். சாயங்காலம் மெசேஜ் வந்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிப்பார். எந்த டிவிஷன், எந்த ஃபீல்டு. அம்மா அடுப்படியிலிருந்தே எத்தனை உருப்படி என்று கேட்பாள். பிறகு இருவரும் அந்த ஃபீல்டு பக்கம் யார் யார் வீடு இருக்கிறது, யார் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு வருடா வருடம் சின்னதாகிக்கொண்டு வருகிறது. 2001 கணக்கெடுப்பில் சுமார் 95 ஆயிரம் பேர் இருந்த வால்பாறையில் 2011-இல் சுமார் 71 ஆயிரம் பேர்தான். எங்கள் லைனிலிருந்து மட்டும் திருப்பூருக்கு ஐந்து குடும்பம் போயிருக்கிறது.

இந்த ஏக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அதைச் சொல்லாமல் மலையைப் பற்றி உருகி எழுதுவது சரியில்லை. எதற்காக ஏங்குகிறோம்? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் காட்டை வெட்டி எரித்துத் தேயிலை போட்ட மலை அது. காடர்களும் மலைமலசர்களும் தங்கள் இடம் என்று நினைத்திருந்த காடு. வெட்டவும் நடவும் கங்காணிகள் முன்பணம் கொடுத்து திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் கூட்டிவந்தார்கள். மலேரியா, அட்டை, தீராத கடன். பி.எச். டேனியல் என்ற டாக்டர் அந்த வாழ்க்கையை 'ரெட் டீ' என்று 1969-இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார், இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அதை அடிப்படையாக வைத்து வந்ததுதான் பாலாவின் 'பரதேசி'. படம் வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டேன். "எங்கய்யா கதைய நான் எதுக்கு டிக்கெட் எடுத்துப் பாக்கணும்" என்றார். மேலே போகும் சாலையோரத்தில் கார்வர் மார்ஷ் என்ற தோட்ட முதலாளிக்குச் சிலை இருக்கிறது. சாலை போட்ட லோம் என்பவர் பெயரில் ஒன்பதாவது வளைவில் வியூ பாயின்ட் இருக்கிறது. கல் சுமந்தவர்கள் பெயரில் ஒரு வளைவுகூட இல்லை. நாற்பது இருக்கிறது, ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

தாத்தாவுக்கு மலை பிடிக்கவே பிடிக்காது. அவர் சங்கரன்கோவில் பக்கம். "ஊரு" என்று அவர் சொன்னால் அது கரிசல், பனை, காய்கிற வெயில். வருடா வருடம் ஆடித்தபசுக்கு லீவு கேட்டு நிற்பார். கிடைத்த வருடம் போய்வந்து ஒரு மாதம் அதையே பேசுவார், கிடைக்காத வருடம் ஒரு மாதம் யாரோடும் பேச மாட்டார். குளிர் எலும்பில் ஏறி இருமி இருமித்தான் செத்தார். கடைசி நாட்களில் வெயிலில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார்; அது ஜூலை, வெயிலுக்கு எங்கே போவது. அவர் ஏங்கிய வெயிலில் இப்போது அவர் மருமகள் தூக்கம் வராமல் புரள்கிறாள். அவரை அரித்த மழை இல்லாமல்தான் புரள்கிறாள். அம்மாவிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாமாவுக்கு அது ஜெயிலு. எனக்கு அங்க கூட்டாளிங்க இருந்தாங்க" என்றாள். நான் படித்த எந்தக் கட்டுரையையும் விட இது எனக்குப் போதுமானதாக இருந்தது.

டிசம்பரில் இருவரையும் காரில் மேலே கூட்டிப்போனேன். 2025 நவம்பரிலிருந்து வால்பாறை போகிற சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குத் தனி ஏற்பாடு. ஆனால் ரேஷன் கார்டுக்காக அப்பா, அம்மா ஆதார் முகவரியை ஆனைமலைக்கு மாற்றி நாலு வருடமாகிறது. ஆக, சுற்றுலாப் பயணிகள். முந்தின நாள் ராத்திரி லேப்டாப்பில் விவரங்களை நிரப்பினேன். வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் வருகிறீர்கள், எந்த நாள் திரும்புகிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா கடைசிக் கேள்வியில் மட்டும், "மறுநாள்னு போடு" என்றார். கூட்டத்தைக் கட்டுப்படுத்த இது தேவைதான், ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டைப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆழியாறு செக்போஸ்டில் அப்பா போனைக் கையில் தயாராக நீட்டியபடி உட்கார்ந்திருந்ததைத்தான் பார்க்க முடியவில்லை.

முப்பதாவது வளைவு வாக்கில் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டாள். குளிர்காற்று. யாரும் பேசவில்லை.

எங்கள் லைனில் எட்டு வீட்டில் நாலு பூட்டிக் கிடந்தது, ஒன்றில் கூரையே இல்லை. எங்கள் வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. எனக்குத் தெரிந்த அலுவலக இந்தியில் நாங்கள் முன்பு இங்கே இருந்தவர்கள் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது. வீட்டைக் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள் போல. இல்லை, சும்மா பார்க்கத்தான் என்று மறுபடி சொன்னேன். உள்ளே கூப்பிட்டாள். கட்டஞ்சாயா போட்டாள். சுவர் பச்சையாக மாறியிருந்தது. எங்கள் உயரத்தைக் குறித்த கோடுகள் பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டன. அப்பா உள்ளே வரவே இல்லை. வாசலில் நின்று, குடிக்காத டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஃபேக்டரி புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா நேராகச் சமையலறைக்குப் போனாள். மேலே பார்த்து, மூலையில் தகரம் சேரும் இடத்தைக் கையால் காட்டி, விரல்களை மழை மாதிரி ஆட்டி, "ஒழுகுதா?" என்று கேட்டாள். அந்தப் பெண் கண்ணை விரித்து, தலையை வேகமாக ஆட்டினாள். அம்மா ஒரு வாளியை எடுத்து, மூலைக்கு நேராக வைக்காமல் ஒரு முழம் தள்ளி, அடுப்புத் திண்டின் ஓரத்தில் வைத்தாள். தண்ணீர் மூலையில் நுழைந்தாலும் கட்டை வழியாக ஓடி அங்கேதான் சொட்டும் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு அடுப்புக்கு மேலே குழந்தைத் துணி காயப்போட எங்கே கயிறு கட்ட வேண்டும் என்று காட்டினாள். பழைய ஆணி அங்கேயே இருந்தது. ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்திக்கு இந்தி தெரியாது. மொழிபெயர்க்க வாயைத் திறந்த என்னை இருவருமே கண்டுகொள்ளவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு பை நிறைய சௌசௌ கொடுத்தாள். அம்மா நட்ட கொடியிலிருந்து.

மறுநாள் இறங்கினோம். வாய்க்காலில் அன்று தண்ணீர் விட்டிருந்தார்கள். அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, வேட்டியை மடித்துக்கொண்டு படியில் இறங்கி முழங்கால் நனைய நின்றார். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் மேலே பெய்கிற மழை எப்படிக் கீழே வருகிறது என்று விரல் மடக்கிச் சொன்னார். சின்னக்கல்லாறு பக்கம் பெய்யும் மழை நீராற்றில் சேரும், அங்கிருந்து மேல்சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, சுரங்கம் வழியாக சர்க்கார்பதி மின்நிலையம், அப்புறம் ஆழியாறு. நான் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அவர் சொன்ன வரிசையில் ஒன்றுகூடத் தப்பில்லை.

"ஏறி வாங்க, சளி புடிச்சிக்கும்" என்று அம்மா காருக்குள்ளிருந்து கத்தினாள். "குளுரவே இல்ல" என்றார் அப்பா. வரும் வழியிலேயே சூடாகிவிட்டதாம்.

அன்று ராத்திரி சௌசௌ கூட்டு. அப்பாவின் போனில் மெசேஜ் வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். எங்கள் டிவிஷன்தான், லைனுக்கு மேலே இருக்கும் ஃபீல்டு. மூன்று யானை, ஒன்று குட்டி.

"அந்தப் புள்ளைக்கு இந்த மெசேஜ் வருமா?" என்றாள் அம்மா.

"தமிழ்லல்ல வரும்" என்றார் அப்பா.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவ நம்பர் வாங்கினியா?"

அவள் புருஷன் நம்பர் என்னிடம் இருந்தது.