இருப்புக் கணக்கில் மனிதர்கள்

சங்கம் அமைப்பது குற்றமன்று. தொழிலாளி அமைக்கலாம், முதலாளியும் அமைக்கலாம். அமைத்துமிருக்கிறார்கள். கட்டட ஒப்பந்தக்காரர்களின் இந்தியக் கட்டுநர் சங்கம் 1941இல் தோன்றியது. அடுக்குமாடி எழுப்பி விற்போரின் கூட்டமைப்பான கிரெடாய் 1999இல் பிறந்தது. தம் தொழிலுக்கு எது நலம் பயக்கும் என்று அவர்கள் எண்ணுகிறார்களோ அதை ஆள்வோரிடம் எடுத்துரைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மறுப்பாரில்லை. நான் கேட்பது வேறு. அவர்கள் தட்டியதும் கதவு எத்தனை விரைவில் திறக்கிறது? உள்ளே சென்று கேட்டது எதை? மகிழ்ந்து கொடுத்தவர், யாருக்குச் சொந்தமானதை எடுத்துக் கொடுத்தார்?

2020ஆம் ஆண்டு மே திங்களில் பெங்களூரில் நடந்ததைப் பலர் மறந்திருப்பர். நான் மறக்கவில்லை. அப்போது நான் கல்லூரி மாணவன். ஊரடங்கால் ஓசூரில் வீட்டோடு முடங்கிக் கிடந்தேன். எங்கள் ஊருக்கு அப்பால், எல்லையைத் தாண்டினால் பெங்களூர். அங்கே வானளாவ எழுந்து நின்ற கட்டடங்களில் பாதி, சாரம் கட்டியபடியே நின்றன. சாரத்தில் ஏறிய மனிதர்கள் கீழே, தகரக் கொட்டகைகளில். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். வேலை நின்றது மார்ச் 25இல். பலருக்குக் கூலியும் அதோடு நின்றது. நோய் பரவுகிறது, ஊரில் தாய் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது, போகவேண்டும் என்றார்கள். வேறென்ன கேட்டார்கள்? மாளிகையா கேட்டார்கள்? கட்டிய வீட்டில் ஓர் அறையா கேட்டார்கள்? ரயில் கேட்டார்கள்!

மே 1இலிருந்து சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. மே 5ஆம் நாள், முதலமைச்சர் எடியூரப்பா கட்டட முதலாளிகளைச் சந்தித்தார். கிரெடாய் அமைப்பினரும் அதில் இருந்தனர். தொழில் மீண்டும் தொடங்கவேண்டும், ஆகவே வெளிமாநிலத் தொழிலாளரின் தேவையற்ற பயணம் கட்டுப்படுத்தப்படவேண்டும் என்று அங்கே எடுத்துரைக்கப்பட்டதாக முதலமைச்சரே அறிவித்தார். அன்றே தென்மேற்கு ரயில்வேக்குக் கடிதம் பறந்தது: நாளை முதல் ரயில் வேண்டா!

தேவையற்ற பயணம்! யாருக்குத் தேவையற்றது? மகனைக் காண விழையும் தாய்க்கா? பட்டினியால் வாடிய கம்பி கட்டுபவனுக்கா? சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் தம் தேவையை நினைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்திருக்கிறார். சிமெண்ட் எத்தனை மூட்டை, செங்கல் எத்தனை ஆயிரம், கம்பி எத்தனை டன் என்று எழுதிவைக்கும் இருப்புக் கணக்கில், ஆள் எத்தனை பேர் என்றும் எழுதிக்கொண்டார்கள். சிமெண்ட் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லாது. மனிதன் சொல்லிவிட்டான். அதுதான் சிக்கல்.

மறுபக்கத்தையும் கேட்கவேண்டும், கேட்காமல் தீர்ப்புக் கூறுவது பகுத்தறிவாளர்க்கு அழகாகாது. வேலை நின்ற ஒன்றரைத் திங்களும் கூலியும் உணவும் கொடுத்துவந்தோம் என்றனர் முதலாளிகள். சிலர் கொடுத்திருக்கலாம். கடனுக்கு வட்டி ஏறுகிறது என்பதும், பணம் கட்டிய நடுத்தரக் குடும்பம் வீட்டுக்காகக் காத்திருக்கிறது என்பதும் மெய்தான். ஆனால் ஒன்று விளங்கவில்லை. வீட்டின் விலை ஏன் இவ்வளவு ஏறியது என்று கேட்டால், 'சந்தை தீர்மானிக்கிறது, அரசு தலையிடலாகாது' என்கிறார்கள். நல்லது. அதே சந்தையில் ஆள் கிடைப்பது அரிதானால் கூலியை உயர்த்தி, 'இரு தம்பி, இரட்டிப்பாகத் தருகிறேன்' என்று அழைப்பதல்லவா முறை? விற்கும்போது சந்தை, வாங்கும்போது மட்டும் சர்க்காரா?

இதிலே இன்னொரு வேடிக்கை உண்டு. வேதனையான வேடிக்கை. மாநிலம் விட்டு மாநிலம் ஆள் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர், அவர்களுக்குப் போகவும் வரவும் பயணப்படி தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 2020இல் அந்தச் சட்டம் உயிரோடுதான் இருந்தது. டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கவேண்டிய கூட்டத்தின் வசதிக்காக வண்டியே நிறுத்தப்பட்டது!

நாடெங்கும் கண்டனக் குரல் எழுந்தது. மே 7இல் அரசு பின்வாங்கியது. ரயில்கள் மீண்டும் ஓடின. இடையில் ரயிலை நம்பாமல் மூட்டையைத் தலையில் ஏற்றி நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கியவர்களின் கால்களுக்கு யார் கணக்கு எழுதியது?

இன்று நான் ஆசிரியன். எட்டாம் வகுப்பில் அடிப்படை உரிமைகளைக் கற்பித்த ஒரு நாள், சுரண்டலுக்கு எதிரான உரிமையை விளக்கி, இந்த ரயில் கதையையும் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவள் தாய் சித்தாள். "சார், எங்க அம்மா மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்காங்க. அது தீர்றவரைக்கும் வேற இடத்துக்குப் போகக்கூடாதாம். அதுவும் இந்த ரயிலை நிறுத்தினதும் ஒண்ணுதானா, சார்?" என்றாள். பாடநூலில் அந்தக் கேள்வி இல்லை. சட்ட நூலில் விடை இருக்கிறது. டில்லியில் ஆசிய விளையாட்டுக்காக எழுந்த கட்டடங்களின் தொழிலாளர் வழக்கில், 1982இல், உச்சநீதிமன்றம் ஆராய்ந்தது இதைத்தான். சாட்டையால் அடித்து வாங்கும் வேலை மட்டுமன்று, வறுமையின் நெருக்குதலால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே செய்யும் வேலையும் கட்டாய உழைப்பே என்றது நீதிமன்றம். ஒன்றுதான் அம்மா என்றேன். கயிறு வேறு; கட்டு ஒன்று.

முதலாளிகளின் சொல் பலிக்க ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. தொழிலாளர் சொல்லுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று? கட்டடத் தொழிலாளருக்கெனத் தனிச்சட்டம் வேண்டுமென்று, முன்னாள் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் தேசிய இயக்கக் குழு அமைந்தது 1985இல். சட்டம் வந்தது 1996இல். பதினோரு ஆண்டுகள்! அதற்குள் சாரத்திலிருந்து விழுந்தவர் எத்தனை பேரோ. தமிழகம் சற்றே முந்திக்கொண்டது: 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994இல் கட்டடத் தொழிலாளர் நலவாரியம். அதுவும் போராடிப் பெற்றதேயன்றிக் கனிந்து வீழ்ந்ததன்று.

சட்டம் வந்ததும் என்ன ஆயிற்று? கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று தொழிலாளர் நலநிதிக்கு என்றது சட்டம். நூறு ரூபாயில் ஒரு ரூபாய்! ஒப்பந்தக்காரர்கள் வழக்குமன்றம் ஏறினார்கள். இது வரி, நாடாளுமன்றத்துக்கு இதை விதிக்கும் அதிகாரமில்லை என்று வாதாடினார்கள். 2011இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரியன்று, தொழிலாளர் நலனுக்கான கட்டணம் என்று தீர்ப்பளித்தது. வாயிற்படி கிழக்கே இருப்பதா வடக்கே இருப்பதா என்று வாஸ்து பார்ப்பவருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கும் கைகள், இந்த ஒற்றை ரூபாய்க்கு நடுங்கின.

அந்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும், பயணப்படி கூறிய 1979ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது புதிய தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டன. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தன. நலநிதிக் கட்டணம் நீடிக்கிறது. ஆனால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதைக் கட்டுபவரே மதிப்பிட்டுச் செலுத்தலாம் என்கிறது புதிய ஏற்பாடு. தேர்வுத்தாளை மாணவனே திருத்திக்கொள்ளலாம் என்று எங்கள் பள்ளியில் சொன்னால் எல்லாரும் நூற்றுக்கு நூறுதான்!

என் மாணவர்களின் பெற்றோரில் கட்டட வேலைக்குப் போவோரை ஞாயிறுதோறும் சந்தித்து, நலவாரிய அட்டை உண்டா என்று கேட்டுவருகிறேன். பலரிடம் இல்லை. ஓராண்டில் 90 நாள் வேலை செய்தவர் பதிவு செய்யலாம் என்பதே சிலருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் தாயும் அவர்களில் ஒருவர். எந்த மேஸ்திரி எழுதிக் கொடுப்பார் என்று கேட்டார். தொழிற்சங்கத்தாரிடம் சான்று வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்ல, அடுத்த ஞாயிறு அவரை அழைத்துப் போக ஏற்பாடு செய்திருக்கிறோம். அன்று வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்கினார். மாலையில் வருகிறோம் என்றோம்.