கூலியும் கூலியாளும்

ஆங்கில அகராதியைப் புரட்டினால் ‘கூலி’ என்ற சொல்லை அங்கும் காணலாம். ஒலி நமக்குப் பழகியதுதான், பொருள்தான் வேறு. தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலத்திலோ அது வேலை செய்யும் மனிதனைக் குறிக்கிறது.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ரிங்லெட்டில் வளர்ந்த எனக்கு இது சிறிய வேறுபாடாகத் தோன்றவில்லை. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் இம்மலைச் சரிவுகளில் உழைத்தவர்களுள் தமிழர் பலர். என் பாட்டியும் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்தாம். கொழுந்தின் எடைக்கு ஏற்பக் கூலி. “இன்னைக்கு எவ்வளவு கூலி?” என்று தாத்தா கேட்டால் பெருமையோடு சொல்வார். அதே சொல்லால் யாரேனும் அவரைச் சுட்டினால் பொறுக்கமாட்டார். “நான் கூலி வாங்குறவய்யா, கூலி இல்ல” என்பார்.

பாட்டி சொன்னது இலக்கணப்படியும் சரி. கூலி பெறுபவரைத் தமிழ் ‘கூலியாள்’ என்கிறது. ஆங்கிலத்துக்குப் போன சொல்லில் கூலி இருக்கிறது, ஆள் இல்லை! 619ஆம் குறளில் முயற்சிக்குக் கிடைக்கும் பயனைக் குறிக்கத் திருவள்ளுவர் ஆண்ட சொல்லும் இதுவே.

ஆங்கிலத்துக்கு இச்சொல் எப்படிப் போனது? 1886இல் யூல், பர்னல் ஆகியோரின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி வெளிவந்தது. குஜராத்தில் வாழும் கோலி மக்களின் பெயரிலிருந்து இது வந்திருக்கலாம் என்பது அதில் காணும் ஒரு கருத்து. தமிழிலும் கன்னடத்திலும் உள்ள ‘கூலி’யையும் அது சுட்டுகிறது. இரண்டும் கலந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

பிறகு இச்சொல் கப்பலேறியது. சீனர்கள் இதைக் ‘கசப்பு’, ‘வலிமை’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். எவ்வளவு பொருத்தம்! தென்னாப்பிரிக்காவில் இது வசைச்சொல்லாகவே மாறியது. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகளைக்கூடக் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். தமிழரை இழிவாகச் ‘சாமி’ என்றும் அழைத்தனர். சாமி என்றால் எசமானர் அல்லவா? ‘நான் உங்கள் எசமானர் இல்லையே’ என்று சிலர் திருப்பிக் கேட்டதைக் காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார்.

மலாய்மொழியிலும் ‘கூலி’ என்றால் ஆள்தான்; ஊதியத்துக்கு ‘ஊப்பா’ என்ற தனிச்சொல் உண்டு. இன்று எங்கள் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களை எங்களூர் இளைஞர் சிலர் ‘கூலிகள்’ என்கின்றனர். கடைக்கு வரும் வங்காளதேசத்து அண்ணன் ஒருவரிடம், கூலியை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். ‘மொஜூரி’ என்றார். அவருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.