மேகத்தைக் கண்டு திரும்பினோம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வட எல்லையில், பேஜ் என்னும் சிற்றூருக்கு அருகே பவல் ஏரி இருக்கிறது. ஏரி என்று அழைக்கிறார்களே தவிர, அது அணைக்கட்டால் தேங்கி நிற்கும் கொலராடோ ஆறுதான். 1963ஆம் ஆண்டு கிளென் கேன்யன் அணை மூடப்பட்டு நீர் தேங்கத் தொடங்கியது. முழு மட்டத்தை எட்ட 1980 வரை, பதினேழு ஆண்டுகள் ஆயின. ஆற்றில் வந்து கலக்கும் பக்கவாட்டுப் பாறையிடுக்குகளிலும் அந்நீர் ஏறி நின்றது. அவற்றுள் ஒன்றுதான் ஆன்டிலோப் கேன்யன். செம்பட்டை மடித்து நிறுத்தியது போன்ற அதன் பாறைச் சுவர்களைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். மேட்டு நிலத்திலிருந்து அதனுள் இறங்கிப் பார்க்க வேண்டுமானால் நவஹோ பழங்குடியினரின் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அதே இடுக்கின் கீழ்முனை ஏரியில் மூழ்கிக் கிடக்கிறது. அங்கே கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் நுழையலாம்.

செப்டம்பர் தொடக்கத்தில் வந்த நீண்ட வார இறுதியில் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து குடும்பமாகப் புறப்பட்டோம். ஏறத்தாழ 430 கிலோமீட்டர் பயணம். தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. ஆனால் நேரத்தை அறிவதில் ஒரு வேடிக்கை. கோடைக்காலத்தில் அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நிலத்தினர் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுகிறார்கள். இரண்டு நிலங்களும் உரசிக்கொள்ளும் இடத்தில் எங்கள் கைப்பேசிகளுள் ஒன்று நாலே முக்கால் என்றது, மற்றொன்று ஐந்தே முக்கால் என்றது. கீழ்வானத்து வெண்மையைப் பார்த்தே சுப்ஹு தொழுதோம். கடிகாரம் இல்லாத காலத்தில் நம் முன்னோர் அனைவரும் அப்படித்தானே தொழுதார்கள்!

விடிந்ததும் ஏரியில் இறங்கிவிடுவதே நல்லது. பிற்பகலில் காற்று எழும். விசைப்படகுகள் கிளப்பும் அலைகள் பாறைச் சுவரில் மோதித் திரும்பிவந்து சிறு படகை ஆட்டி வைக்கும். இருவர் இருவராக அமரும் இரண்டு கயாக்குகளை வாடகைக்கு எடுத்தோம். பெண்களுக்கு ஒரு குறிப்பு: தளர்ந்த நீண்ட அங்கி நனைந்தால் கனத்து, காலைச் சுற்றிக்கொள்ளும். விரைவில் உலரும் துணியில் தைத்த முழுக்கை மேலாடையும், தொளதொளப்பான கால்சட்டையும், கழுத்தோடு ஊசி குத்திய முக்காடும் போதும். லைஃப் ஜாக்கெட் அதற்கு மேல் வசதியாகப் பொருந்தும். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பல சகோதரிகள் கரையிலேயே உட்கார்ந்து பையைக் காவல் காத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பாறைகளில் நீர் வற்றிய தடம், ஒரு தென்னை மரத்தைவிட உயரமான வெண்பட்டையாகத் தெரிகிறது. நீரிலிருந்த சுண்ணாம்புப் படிவு அது. தொடர் வறட்சியால் 2023இன் தொடக்கத்தில் இந்த ஏரி, நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பின் என்றும் காணாத தாழ்நிலைக்கு இறங்கியது.

முக்கால் மணி நேரம் துடுப்புப் போட்டபின் இடுக்கின் வாய் திறந்தது. உள்ளே நுழைந்ததும் காற்று நின்றது, ஒலி நின்றது. துடுப்பிலிருந்து சொட்டும் நீர் மட்டும் கேட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவர்கள் நெருங்கி வந்தன. வானம் நீல நாடாவாகச் சுருங்கியது. பாறையெங்கும் சாய்ந்த கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. "இது கல்லா, மணலா உம்மா?" என்று எங்கள் சின்ன மகள் கேட்டாள். இரண்டும்தான். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணற்குன்றுகள் இறுகிக் கல்லானவை இவை. காற்று மணலை அடுக்கிய சாய்வுகள்தான் கோடுகளாக நிலைத்துவிட்டன. அக்கல்லைப் பிளந்தது மழைவெள்ளம். இவ்விடுக்கின் மேற்பகுதியை நவஹோ மக்கள் தங்கள் மொழியில், பாறைகளினூடே நீர் ஓடும் இடம் என்னும் பொருள்பட அழைக்கிறார்கள். வெளியூரார் வண்ணத்தைப் பார்த்தார்கள்; அந்த மண்ணின் மக்கள் தண்ணீரைப் பார்த்தார்கள்.

அந்தப் பெயர் எத்துணை உண்மையானது என்பதை 1997 ஆகஸ்ட் 12 காட்டியது. அன்று இதே இடுக்கின் கீழ்ப்பகுதியில் நடந்துகொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் 11 பேரைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லத்தக்க மழை இல்லை. பல மைல்களுக்கு அப்பால் மேட்டு நிலத்தில் கொட்டிய இடிமழை, வறண்ட ஓடையில் திரண்டு, இடுக்குக்குள் பாய்ந்தது. மணலில் ஊறுவதற்குள் நீர் கீழே வந்துவிடும். பாறையோ அதை விரைந்து உறிஞ்சுவதில்லை. அகன்ற ஓடையில் முழங்கால் அளவு ஓடும் நீர், தோள் அகலச் சந்தில் ஆளை மூழ்கடிக்கும் உயரத்துக்கு எழும். உள்ளே நிற்பவருக்குத் தெரிவது தலைக்கு மேலுள்ள நீல நாடா மட்டுமே. ஆபத்து உருவாகும் வானம் அவர் பார்வையில் இல்லை.

இடுக்கில் நுழையுமுன் தெற்கே, மேட்டு நிலத்தின் மீது, ஒரு வெண்மேகம் நிற்பதைப் பார்த்திருந்தோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை அப்பகுதியில் பருவமழைக் காலம். நீர் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில் படகுகளை இழுத்துக் கரையேற்றியபோது, பின்னால் வந்த ஓர் இணையர், அந்த மேகம் இப்போது உயர்ந்து அடிப்புறம் கறுத்திருக்கிறது என்று சொன்னார்கள். அங்கிருந்துதான் நடை தொடங்குகிறது. படங்களில் காணும் அந்தக் குறுகிய வளைவுகள் அதற்கு மேல்தான். எங்கள் மூத்த மகன் அதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தான்.

"வாப்பா, மேலே பாருங்க. ஒரு பொட்டு மேகம்கூட இல்லையே!"

உண்மைதான், இல்லை. ஆனால் எங்களுக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் நினைவுக்கு வந்தது. வானில் மேகம் திரண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். உள்ளே வருவார்கள், வெளியே போவார்கள். மழை பொழிந்த பின்னரே அவர்களின் தவிப்பு அடங்கும். காரணம் கேட்டபோது, தங்கள் பள்ளத்தாக்குகளை நோக்கி வந்த மேகத்தை மழையென்று எண்ணி மகிழ்ந்த ஆது கூட்டத்தாரை நினைவுகூர்ந்தார்கள். அந்தச் சமூகம் வாழ்ந்த அஹ்காஃப் என்ற சொல்லுக்கு மணற்குன்றுகள் என்றே பொருள். கல்லாகிப்போன மணற்குன்றுகளுக்கு நடுவே நின்றுகொண்டு அதை நினைத்தால் மனம் எப்படி இருக்கும்!

அங்கேயே நின்று கலந்து பேசினோம். மகள் திரும்பலாம் என்றாள். மகன் அரை மணி நேரம் மட்டும் என்றான். பிறகு, வார இறுதி வகுப்பில் கற்றதை எங்களுக்கே திருப்பினான்: "அல்லாஹ் விதிச்சது எங்கே இருந்தாலும் வரும்தானே?"

இதே கேள்விதான் உமர் (ரலி) அவர்களிடமும் கேட்கப்பட்டது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, தோழர்களைக் கலந்தாலோசித்து, ஸர்க் என்னும் இடத்திலிருந்து அவர் திரும்ப முடிவு செய்தார். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே போகிறோம் என்பது உமரின் விடையின் சாரம். அதற்கு அவர் எடுத்துக்காட்டியதும் ஒரு பள்ளத்தாக்கையே: ஒரு பக்கம் செழிப்பு, மறுபக்கம் வறட்சி, ஒட்டகத்தை எப்பக்கம் மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே. கொள்ளைநோய் பற்றிய நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து சொன்னது அதற்குப் பின்னர்தான். சான்று கையில் வருமுன்பே உமர் முடிவெடுத்துவிட்டார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

படகுகளைத் திருப்பினோம். மகன் முன்னிருக்கையில் ஒரு சொல்லும் பேசாமல் துடுப்புப் போட்டான். வழக்கத்தைவிட வேகமாகவே போட்டான்.

அன்று வெள்ளம் வரவில்லை. நாங்கள் கரையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, உள்ளே நடந்து சென்ற ஒரு குழுவினர் சிரித்தபடி வந்து இறங்கினார்கள். அவர்கள் காட்டிய படங்கள் மிக அழகாக இருந்தன. மகன் நெடுநேரம் பார்த்துவிட்டு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான்.

"அப்போ நாம சும்மாதானே திரும்பினோம்?"

ஆம் என்றோம். வேறென்ன சொல்வது? வராத வெள்ளத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. நாங்கள் மட்டும் பாதுகாக்கப்பட்டோம் என்று கதை கட்டினால், நலமாகத் திரும்பிவந்த அந்தக் குழுவினரையும் காத்தவன் யார் என்று அவன் கேட்பான், கேட்கவும் வேண்டும்.

லுஹரும் அஸரும் சேர்த்துத் தொழ ஏரி நீரிலேயே உளூ செய்தோம். ஊரில் மேற்கே நோக்கித் தொழுது வளர்ந்த நமக்கு, இங்கே கிப்லா வடகிழக்கு என்பது ஒவ்வொரு முறையும் சிறு வியப்பு. உலகம் உருண்டை, மக்காவுக்கு மிகக் குறுகிய வழி அத்திசையில்தான். சூடேறிய மணலில் விரிப்பைப் போட்டதும் மகன் இகாமத் சொன்னான். தெற்கே நின்ற மேகம் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஸலாம் கொடுத்து முடித்ததும், முதலில் திரும்பி அதைப் பார்த்தது அவன்தான்.